தொழிற்சாலைக்கு எர்த் எப்படிப் போடுவது? ஒரு கேள்வியின் வரலாறு

எர்த் என்றவுடன் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது வீட்டு பிளக்கில் இருக்கும் மூன்றாவது தடித்த முள். இன்னும் கொஞ்சம் கவனித்தவர்களுக்கு, கட்டடத்தின் ஓரத்தில் மூடி போட்ட ஒரு சிறிய குழியும், அதில் கரியும் உப்பும் போட்டு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுவதும் நினைவுக்கு வரலாம். ஒரு கம்பியை மண்ணில் புதைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் பொதுவான எண்ணம்.

ஆனால் ஒரு தொழிற்சாலைக்கு எர்த்திங் முறையைத் தேர்ந்தெடுக்க உட்காரும் பொறியாளருக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. மின்மாற்றியின் நியூட்ரலை எர்த் செய்யாமலே விடலாம். நேரடியாக எர்த் செய்யலாம். ஒரு மின்தடை வழியாக எர்த் செய்யலாம். ஒரு சுருள் வழியாகவும் செய்யலாம். இவை எல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல. தீ, உயிர்ப்பலி, உற்பத்தி நிறுத்தம் என்ற மூன்றில் எதைக் கண்டு அந்தந்தக் காலத்தில் அதிகம் பயந்தார்களோ, அதற்கேற்ப முறையும் மாறியது. ஒரு ஆபத்தைத் தடுக்க வந்த முறை, வேறொரு ஆபத்துக்கு வழி விட்டது. இந்தக் கட்டுரை சொல்வது அந்தக் கதையைத்தான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். எர்த் என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மோட்டார், பேனல் போன்றவற்றின் இரும்பு உடலை எர்த் செய்வது 'பாடி எர்த்'. மின்மாற்றியின் நியூட்ரல் புள்ளியை எர்த் செய்வது 'நியூட்ரல் எர்த்'. பாடி எர்த் வேண்டுமா என்பதில் நெடுங்காலமாகவே பெரிய சண்டை இல்லை. சண்டை எல்லாம் நியூட்ரலைப் பற்றித்தான்!

வெடிமருந்துக் கிடங்கில் தொடங்கிய கதை

மின்சார மோட்டார் பிறப்பதற்கு முன்பே எர்த்திங் பிறந்துவிட்டது. இடிதாங்கியைப் பற்றி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1753ஆம் ஆண்டு தன் பஞ்சாங்கத்தில் எழுதினார். கம்பியின் கீழ் முனை ஈரமான மண்ணில் மூன்று நான்கு அடி இருக்க வேண்டும், மேல் முனை கட்டடத்தின் உச்சிக்கு மேல் ஆறு எட்டு அடி இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முறை. 'ஈரமான மண்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இன்று வரை எர்த்திங்கின் பாதிச் சிக்கல் அந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

1769இல் இத்தாலியின் பிரெசியா நகரில் வெடிமருந்து சேமித்து வைத்திருந்த இடத்தின் மீது இடி விழுந்தது. நகரத்தின் ஆறில் ஒரு பங்கு நாசமானது. இந்தச் செய்தி இங்கிலாந்தை உலுக்கியது. தேம்ஸ் நதிக்கரையில் பர்ஃப்லீட் என்ற இடத்தில் இருந்த அரசு வெடிமருந்துக் கிடங்குகளை எப்படிக் காப்பது என்று 1772இல் ராயல் சொசைட்டியிடம் கேட்டார்கள். அமைக்கப்பட்ட குழுவில் ஃபிராங்க்ளினும் ஹென்றி கேவண்டிஷும் இருந்தார்கள். கூர்முனைக் கம்பிகளைக் குழு பரிந்துரைத்தது. உறுப்பினர்களில் ஒருவரான பெஞ்சமின் வில்சன் மட்டும் முனை மழுங்கலாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்.

1777 மே மாதம் பர்ஃப்லீட்டில் இருந்த ஒரு கட்டடத்தின் மேல் இடி விழுந்தது. சேதம் மிகச் சிறியதுதான். ஆனாலும் கூர்முனையா, குமிழ்முனையா என்ற சண்டை மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வரை போய்விட்டது. அமெரிக்காவுடன் போர் நடந்த காலம் அது. ஃபிராங்க்ளின் அமெரிக்கர் என்பதால் சண்டையில் அரசியலும் கலந்துகொண்டது.

மேல் முனையைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் கீழ் முனையைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. அதற்கு இன்னும் காலம் வர வேண்டியிருந்தது.

மண்ணும் ஒரு கம்பிதான்... ஆனால் மோசமான கம்பி

1838இல் ஜெர்மனியின் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் தந்திக்கு ரயில் தண்டவாளத்தைக் கம்பியாகப் பயன்படுத்த முயன்றார். அந்தச் சோதனையில்தான், மின்னோட்டம் திரும்பி வருவதற்கு இரண்டாவது கம்பி தேவையில்லை, பூமியே போதும் என்று தெரிந்தது. இரண்டு முனைகளிலும் உலோகத் தகடுகளைப் புதைத்தார்கள். தந்திக்குக் கம்பிச் செலவு பாதியானது.

தந்திக்குத் தேவையான மின்னோட்டம் மிகக் குறைவு. அதனால் மண் போதுமானதாக இருந்தது. தொழிற்சாலைக்கும் அதே மண் போதுமா? இங்கேதான் பலரும் ஏமாந்தார்கள். 1915 வாக்கில் அமெரிக்காவின் தரநிலை ஆய்வகத்தில் இருந்த ஃபிராங்க் வென்னர், நான்கு முளைகளை மண்ணில் அடித்து மண்ணின் மின்தடையை அளக்கும் முறையை வெளியிட்டார். 1936இல் ஹெர்பர்ட் டுவைட் கம்பி, தகடு, வளையம் என ஒவ்வொரு வடிவ எர்த்துக்கும் மின்தடை கணக்கிடும் சூத்திரங்களைத் தொகுத்தார்.

அந்தச் சூத்திரத்தில் ஒரு சாதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். மண்ணின் தடை 100 ஓம்-மீட்டர். ஓரளவு நல்ல மண்தான். அதில் 3 மீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள கம்பியை அடித்தால் கிடைக்கும் மின்தடை சுமார் 33 ஓம். ஒரு மோட்டாரின் உடல் இந்தக் கம்பியோடு மட்டும் இணைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 230 வோல்ட் கம்பி உடலைத் தொட்டுவிட்டால் பாயும் மின்னோட்டம் சுமார் 7 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு அசையவே அசையாது! மோட்டாரின் உடல் ஏறக்குறைய முழு 230 வோல்ட்டோடு அங்கேயே நிற்கும். அடுத்து அதைத் தொடுபவர் யாரோ?

எனவே ஃபியூஸை உருக்குவது மண் அல்ல. பழுது மின்னோட்டம் மின்மாற்றிக்குத் திரும்பிப் போக உலோகப் பாதை வேண்டும். எர்த் குழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பாதை அறுந்துபோனால் பயனில்லை. இந்த ஒரு விஷயம் புரிவதற்கே மின்துறைக்குப் பல ஆண்டுகள் ஆயின.

எடிசன் காலத்துச் சண்டை

1882 செப்டம்பர் 4ஆம் தேதி நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவின் சன்பரி நகரில் மூன்று கம்பி முறை வந்தது. நடுக் கம்பியான நியூட்ரலை எர்த் செய்யலாமா கூடாதா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

தீக்காப்பீட்டுக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. நியூட்ரல் எர்த் ஆகியிருந்தால், வேறு ஏதாவது ஒரு கம்பி எங்காவது தண்ணீர்க் குழாயைத் தொட்டாலே பொறி பறக்கும். எர்த் இல்லாவிட்டால் ஒரு கம்பி தொட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டு கம்பிகளும் பழுதானால்தான் தீ. அப்படியிருக்க எதற்கு எர்த்?

இந்த வாதத்தை உடைத்தது மின்மாற்றி. மாறுதிசை மின்சாரம் வந்தபின் தெருவில் 1000, 2000 வோல்ட் ஓடியது. வீட்டுக்கும் பட்டறைக்கும் மின்மாற்றி வழியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். மின்மாற்றிக்குள் இரண்டு சுருள்களுக்கு இடையே உள்ள காப்பு கெட்டுப்போனால் தெருவின் அழுத்தம் முழுவதும் விளக்கின் சுவிட்ச் வரை வந்துவிடும். சுவிட்சைத் தொட்டவர் இறந்துபோவார். இரண்டாம் சுருளை எர்த் செய்துவிட்டால் அந்த அழுத்தம் மண்ணுக்குப் போய்விடும் என்று எலிஹு தாம்சன் 1880களிலேயே சொல்லியிருந்தார்.

1897இல் அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு முதன்முதலாக வெளியானது. 1913இல் அந்த விதித்தொகுப்பு, எர்த்துக்கு 150 வோல்ட்டுக்கு மேல் போகாத மாறுதிசை மின்சுற்றுகளுக்கு எர்த்திங் கட்டாயம் என்றது. தீயைவிட உயிர் பெரிது என்ற பக்கம் தராசு சாய்ந்தது. இங்கிலாந்தில் 1908இல் வந்த தொழிற்சாலை மின்சார விதிகள், ஆபத்தைத் தடுக்கத் தேவையான இடங்களில் எர்த் செய்தோ வேறு தகுந்த வழியிலோ உலோகப் பாகங்களில் மின்சாரம் ஏறாமல் தடுக்க வேண்டும் என்றன.

தொழிற்சாலைகள் மட்டும் ஏன் விலகி நின்றன?

அந்த 150 வோல்ட் என்ற எல்லையைக் கவனியுங்கள். வீடுகள் அதற்குள் வந்துவிட்டன. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் மோட்டார்கள் 440, 480, 550 வோல்ட்டில் ஓடின. அவற்றுக்குக் கட்டாயம் இல்லை. அதனால் பல தொழிற்சாலைகள் எர்த் இல்லாத டெல்டா இணைப்பையே தொடர்ந்து வைத்துக்கொண்டன.

காரணம் எளியது. உற்பத்தி நிற்கக் கூடாது. மூன்று பேஸில் ஒன்று மண்ணைத் தொட்டாலும் ஃபியூஸ் போகாது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். உருக்காலையிலும் காகித ஆலையிலும் திடீரென்று மின்சாரம் போனால் ஏற்படும் நஷ்டம் சாதாரணமானதல்ல. எனவே இந்த முறை முதலாளிகளுக்கு வரமாகத் தெரிந்தது.

பழுதைக் கண்டுபிடிக்கவும் ஒரு எளிய ஏற்பாடு இருந்தது. சுவிட்ச்போர்டில் மூன்று விளக்குகள். ஒவ்வொன்றும் ஒரு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே. எல்லாம் சரியாக இருந்தால் மூன்றும் ஒரே அளவில் எரியும். ஒரு பேஸ் மண்ணைத் தொட்டால் அதன் விளக்கு மங்கும், மற்ற இரண்டும் பிரகாசமாகும். எலக்ட்ரீசியன் அதைப் பார்த்துவிட்டு, வசதியான நேரத்தில் பழுதைத் தேடிப் போகலாம்.

'வசதியான நேரம்' என்பதுதான் சிக்கல். பல இடங்களில் அந்த நேரம் வரவே இல்லை. விளக்கு மங்கியபடியே வாரக்கணக்கில் ஆலை ஓடும். அதுவரை மற்ற இரண்டு பேஸ்களும் எர்த்துக்கு வழக்கத்தைவிட 1.73 மடங்கு அழுத்தத்தில் நிற்கும். இரண்டாவது பேஸும் வேறெங்கோ மண்ணைத் தொட்டால் ஒரே நேரத்தில் இரண்டு இயந்திரங்கள் வெடித்துச் சிதறும்.

இரண்டு மணி நேரத்தில் நாற்பது மோட்டார்கள்

இதைவிட மோசமான ஒன்றும் ஒளிந்திருந்தது. எர்த் இல்லாத அமைப்பு என்று சொன்னாலும் உண்மையில் அது எர்த்தோடு தொடர்பில்லாதது அல்ல. ஒவ்வொரு கேபிளும் மோட்டார் சுருளும் மண்ணோடு சேர்ந்து ஒரு மின்தேக்கியாக நிற்கின்றன. பழுது நிலையாக இல்லாமல் விட்டு விட்டுப் பொறி பறந்தால், ஒவ்வொரு பொறிக்கும் இந்த மின்தேக்கிகளில் மின்னூட்டம் ஏறிக்கொண்டே போகும். அழுத்தம் இயல்பைப் போல ஐந்தாறு மடங்கு வரை உயரலாம் என்பது பிறகு கணக்கிடப்பட்டது. இதைப் பற்றிய முக்கியமான ஆய்வை 1923இல் பீட்டர்ஸ், ஸ்லெப்பியன் என்ற இருவர் வெளியிட்டார்கள்.

தொழிற்சாலை எர்த்திங் நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. எர்த் இல்லாத ஒரு ஆலையில் மோட்டார் ஸ்டார்ட்டரின் மின்மாற்றியில் விட்டு விட்டுப் பொறி பறந்தது. எங்கே பழுது என்று கண்டுபிடிக்கச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் 40 முதல் 50 மோட்டார்களின் சுருள்கள் எரிந்துபோயின. எர்த்துக்கு 1200 வோல்ட்டுக்கும் மேல் அழுத்தம் அளக்கப்பட்டது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று தேர்ந்தெடுத்த முறைதான் அன்று ஆலையின் மோட்டார்களை வரிசையாக எரித்தது!

நேரடி எர்த்திங்கும் கருகிய சுவிட்ச்போர்டுகளும்

1918இல் சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ சமச்சீர் கூறுகள் என்ற கணித முறையைக் கொடுத்திருந்தார். ஒரு பேஸ் மட்டும் பழுதானால் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்று அதன்மூலம் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. ரிலேக்களும் பிரேக்கர்களும் வளர்ந்தன. நியூட்ரலை நேரடியாக எர்த் செய்தால் பழுது வந்தவுடன் பெரிய மின்னோட்டம் ஓடும், பிரேக்கர் உடனே விழும், பழுதான பகுதி மட்டும் தனியே பிரியும் என்ற நம்பிக்கை பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 277 வோல்ட் டியூப்லைட்டுகள் பெரிய கட்டடங்களில் பரவியதும் 480/277 வோல்ட் நேரடி எர்த்திங் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. 1956இல் அமெரிக்க மின்பொறியாளர் சங்கம் தொழிற்சாலை எர்த்திங்குக்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டது. பின்னாளில் 'பச்சைப் புத்தகம்' என்று புகழ்பெற்றது அதன் வழி வந்த நூல்தான்.

ஆனால் எதிர்பாராத இடத்திலிருந்து தீ வந்தது. பேஸுக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே பழுது வரும்போது உலோகம் உலோகத்தை இறுக்கமாகத் தொடுவதில்லை. நடுவே வில் போல ஒரு தீப்பிழம்பு நிற்கும். அந்தத் தீப்பிழம்பே ஒரு மின்தடை. அதனால் ஓடும் மின்னோட்டம் பெரிய பிரேக்கர் உடனே விழும் அளவுக்கு வராது. பிரேக்கர் 'இது ஏதோ பெரிய மோட்டார்' என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். தீப்பிழம்போ செம்பையும் இரும்பையும் உருக்கிக்கொண்டே போகும். 1950களிலும் 60களிலும் இப்படி முழு சுவிட்ச்போர்டுகளே கருகிப்போயின. 1960இல் காஃப்மன், பேஜ் என்ற பொறியாளர்கள் இந்தச் சிக்கலை விரிவாக எழுதினார்கள்.

விதி மாற மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1971ஆம் ஆண்டின் அமெரிக்க விதித்தொகுப்பு, எர்த்துக்கு 150 வோல்ட்டுக்கு மேற்பட்ட, 1000 ஆம்பியரும் அதற்கு மேலும் உள்ள நேரடி எர்த்திங் இணைப்புகளுக்குத் தனியாக எர்த் பழுதைக் கண்டறியும் பாதுகாப்பு வேண்டும் என்றது.

நடுவழி

எர்த் இல்லாவிட்டால் அழுத்தம் கொல்கிறது. நேரடியாக எர்த் செய்தால் மின்னோட்டம் எரிக்கிறது. இரண்டுக்கும் நடுவே வழி இல்லையா?

மின்கடத்துப் பாதைகளுக்கு ஒரு விடை 1917 வாக்கிலேயே ஜெர்மனியில் கிடைத்திருந்தது. வால்டமர் பீட்டர்சன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சுருளை வைத்தார். சுருளின் மின்னோட்டம் கேபிள்களின் மின்தேக்கி மின்னோட்டத்துக்கு நேர் எதிரானது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்க, பழுதான இடத்தில் பொறி தானாகவே அணைந்துவிடும். நீண்ட வான்வழிக் கம்பிகளுக்கு இது மிகப் பொருத்தம்.

தொழிற்சாலைக் கட்டடங்களில் வெற்றி பெற்றது மின்தடை. 480 வோல்ட் அமைப்பில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுமார் 55 ஓம் மின்தடையை வைத்தால், ஒரு பேஸ் முழுதாக மண்ணைத் தொட்டாலும் 277 வோல்ட்டில் 5 ஆம்பியர்தான் ஓடும். தீப்பிழம்பு வளர அது போதாது. ஆலை நிற்காது. அதே சமயம் மின்தேக்கிகளில் ஏறும் மின்னூட்டம் மின்தடை வழியாக வடிந்துவிடுவதால் அழுத்தமும் ஏறாது. ஒரு நிபந்தனை உண்டு. மின்தடை விடும் மின்னோட்டம், அந்த ஆலையின் கேபிள்களுடைய மின்தேக்கி மின்னோட்டத்தைவிடக் குறையக் கூடாது. எனவே கடையில் கிடைத்த ஒன்றை வாங்கி மாட்ட முடியாது. ஒவ்வொரு ஆலைக்கும் கணக்குப் போட வேண்டும்.

குழியா, அஸ்திவாரமா?

நியூட்ரல் கதை இப்படிப் போக, மண்ணோடு இணைக்கும் முறையிலும் ஒரு சுவையான திருப்பம் நடந்தது. 1942இல் அமெரிக்க ராணுவம் அரிசோனாவில் குண்டுகள் சேமிக்கும் கட்டடங்களைக் கட்டியது. வறண்ட பகுதி. தண்ணீர்க் குழாய்களும் இல்லை. பர்ஃப்லீட் கிடங்கின் அதே சிக்கல், ஈரம் மட்டும் இல்லை! ஆலோசகராக இருந்த ஹெர்பர்ட் யூஃபர், கட்டடத்தின் கான்கிரீட் அஸ்திவாரத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளையே எர்த்தாகப் பயன்படுத்தச் சொன்னார். கான்கிரீட் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எளிதில் விடாமல் வைத்துக்கொள்ளும். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் 2 முதல் 5 ஓம் வரைதான் இருந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்க விதித்தொகுப்பு இந்த முறையை ஏற்றுக்கொண்டது. புதிதாகக் கட்டும் தொழிற்சாலைக்கு மிக மலிவான எர்த் இதுதான். ஆனால் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

தொடுபவரின் கணக்கு

கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கணக்குப் போட்ட அளவுக்கு மனித உடலுக்குக் கணக்குப் போட்டவர்கள் குறைவு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்துச் சோதனை செய்தார். பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகிக்கொள்ளும் மின்னோட்டம் ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் என்று கண்டார். ஃபியூஸ் ஆம்பியரில் பேசுகிறது, உயிர் மில்லி ஆம்பியரில் போகிறது. எந்த எர்த்தும் தனியாக இந்த இடைவெளியை நிரப்பாது. அவர் 1961இல் உருவாக்கிய கருவி சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்தது.

இந்தியாவில்

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் நியூட்ரலுக்கும் மோட்டார் உடலுக்கும் இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்றன. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும். தொழிற்சாலை மோட்டார்களில் இரண்டு எர்த் பட்டைகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். எர்த்திங்குக்கான ஐ.எஸ். 3043 தரநிலை 1966இல் வந்து, 1987இலும் 2018இலும் திருத்தப்பட்டது. 1956ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் இப்போது மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் இருக்கின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மேலே சொன்ன வரலாற்றைப் பார்த்தால், தேர்வு என்பது மூன்று கேள்விகளில் அடங்கிவிடுகிறது. ஒன்று, ஆலை திடீரென்று நின்றால் என்ன ஆகும்? நின்றாலும் பரவாயில்லை என்றால் நேரடி எர்த்திங்கும் தனி எர்த் பழுதுப் பாதுகாப்பும் எளிமையானவை. இரண்டு, ஒரு பேஸ் விளக்குகளும் கருவிகளும் அதே அமைப்பில் இருக்கின்றனவா? இருந்தால் மின்தடை எர்த்திங் பொருந்தாது, அவற்றுக்குத் தனி மின்மாற்றி வேண்டும். மூன்று, எச்சரிக்கை மணி அடித்தால் போய்ப் பார்க்க ஆள் இருக்கிறாரா?

மூன்றாவது கேள்விதான் அதிகம் மறக்கப்படுவது. மின்தடை எர்த்திங் முதல் பழுதில் ஆலையை நிறுத்தாது, மணி மட்டும் அடிக்கும். அந்த மணியை யாரோ அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால், இரண்டாவது பேஸ் மண்ணைத் தொடும் நாளில் அந்த ஆலையின் நிலைமை மூன்று விளக்குக் காலத்து ஆலையின் நிலைமையேதான். அன்று மங்கிய விளக்கைப் பார்த்தும் பேசாமல் போனவரையும், இன்று மணியை அணைத்துவிட்டுப் போகிறவரையும் எந்த எர்த் குழியாலும் காப்பாற்ற முடியாது.